பார்க்காத கோல்

தம்பிக்கு,

அன்பை இப்போதைக்கு நிறுத்தி வைத்துவிட்டு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். உன் வீட்டுச் செடிகளும் நலம். நீங்கள் இரண்டு பேரும் அங்கே நலமாக இருப்பதை டிவியிலேயே பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை.

இதை உன் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். ஊரிலிருந்து வந்ததும் முதலில் இதைப் படி, பிறகு பெட்டியைப் பிரி. போனில் பேசலாம்தான். பேசினால் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செடி விவரம் முதலில். உன் மனைவி பிரிட்ஜில் ஒட்டிவைத்த தாளில் உள்ளபடி ஜன்னலோரத் தொட்டிக்கு அரை டம்ளர், பால்கனித் தொட்டிகளுக்கு ஒரு செம்பு என்று அளந்து ஊற்றுகிறேன். நீங்கள் உலகக் கோப்பையின் முதல் நாள் ஆட்டத்தை மைதானத்திலேயே உட்கார்ந்து பார்த்தீர்கள். பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்கு நாலு வருஷம் கோல்கீப்பராக நின்றவள் உங்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வயிறு எரிகிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போ.

ஆஃப்சைடு புரியாமல் நீ அழுத அன்றைக்கு, வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்து வரிசை கட்டி, இவனைத் தாண்டி நின்றால் தப்பு, இவனுக்கு இந்தப் பக்கம் நின்றால் சரி என்று சொல்லிக்கொடுத்தது யார்? அதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியது யார்? அன்று முதல் எந்த உலகக் கோப்பையிலும் முதல் ஆட்டத்தை நாம் தனித்தனியாகப் பார்த்ததில்லை. உன் மனைவிக்குப் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவளுக்கு டிக்கெட், எனக்குச் சாவிக்கொத்து. கம்பெனிக் குலுக்கலில் இரண்டு டிக்கெட் விழுந்ததாகவும் அவளோடு போவதாகவும் நீ வந்து சொன்னபோது, ரொம்ப சந்தோஷம்டா என்றேன். நீ படியிறங்கியதும் கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினேன்.

அந்தக் கோபத்தில்தான் இந்தத் தடவை சீட்டும் எழுதவில்லை. முதல் கோல் எத்தனையாவது நிமிஷம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, அந்தப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து திறப்போமே. கிட்டத்தில் சொன்னவரை மற்றவர் அடுத்த நாலு வருஷம் கேப்டன் என்றே கூப்பிட வேண்டுமே. இனி யாரோடு போட்டி என்று நினைத்து, கூட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஆட்டத்தன்று கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு பேருக்கான கண்ணாடி. கடைசி லென்ஸைத் தேய்த்துப் பொருத்திவிட்டு உன் வீட்டுக்கு ஓடிவந்தால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. உன் டிவிதானே பெரியது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் என் கண்ணாடியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டேன். மூலையில் நிமிஷம் காட்டி ஓடும் சின்ன எண் ஒன்றும் தெரியவில்லை. திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு பார்த்தேன். உன் மாமா உன் சோபாவில் வழக்கம்போலக் குறட்டை.

அப்போதுதான் கூட்டத்தைக் காட்டினார்கள். கோலுக்குப் பின்னால் நாலாவது வரிசையில் நீ. ஒரு கையில் உன் ஷூ, இன்னொரு கையில் அவள் செருப்பு. மடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி அவளுக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அவள் உன் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். அது என் பாடம்டா. அதற்கு முதுகில் வாங்கியவள் நான். அந்த நிமிஷம் அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பிறகு ஆட்டத்தைக் காட்டினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த நாலாவது வரிசையையே துழாவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெருவே கத்தியது. பார்த்தால் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். உலகக் கோப்பையின் முதல் கோல், என் மூக்குக்கு முன்னால் விழுந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. டிவியை அணைத்துவிட்டேன். உன் மாமா திடுக்கிட்டு எழுந்து, என்ன, கரண்ட் போயிடுச்சா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அன்று உன் தொட்டிகளுக்கு இரண்டு செம்பு.

மறுநாள் காலையில் உன் மனைவி போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அண்ணி, இவர் முதல்ல உங்களைத்தான் கூப்பிட்டாராம், நீங்க முடியாதுன்னுட்டீங்களாம், மேட்ச் முழுக்க அக்கா இருந்திருந்தா அக்கா இருந்திருந்தான்னு ஒரே புலம்பல், எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு என்றாள். அடுத்து, அந்த கோல் விழுந்தப்போ என்று ஆரம்பித்ததும் போனை அணைத்துவிட்டேன்.

நீ என்னை எப்போது கூப்பிட்டாய்? பிறகுதான் நினைவு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நீ போன் செய்து, கேப்டன், அடுத்த மாசம் பத்து நாள் லீவு கிடைக்குமா என்றாய். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். லீவா, எனக்கா, தலைக்கு மேலே வேலை கிடக்கு, ஆளை விடு என்று வைத்துவிட்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் சொல்லியிருக்கலாம். பாதித் தப்பு உன்னுடையது.

கண்ணாடிக்கூட்டைத் தேடி எடுத்தேன். உள்ளே உன் சீட்டு, நாலாக மடித்து. சாவி கொடுக்க வந்த அன்று, தண்ணீர் கேட்டு என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுப் போட்டிருக்கிறாய், திருடன். பிரித்துப் பார்க்கவில்லை.

கோல் எத்தனையாவது நிமிஷம் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து நான் பேப்பர் தொடவில்லை. கடையில் யாராவது மேட்ச் என்று வாயெடுத்தால் தேய்க்கிற மெஷினைப் போட்டுவிடுகிறேன். என் சீட்டையும் எழுதி உன் சீட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்தபின் எழுதிய சீட்டு செல்லுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை அவளும் ஒரு சீட்டு எழுதட்டும், கூட்டில் இடம் இருக்கிறது. ஆனால் ஆஃப்சைடு நான் சொல்லித் தருகிறேன். ஷூவை நீ பிடித்திருந்த இடமே தப்பு.

இதைப் படிக்கும்போது இரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பீர்கள். பெட்டியைப் பிரித்ததும் வீட்டுக்கு வா, கூட்டைச் சேர்ந்து திறக்கலாம். ஒன்றே ஒன்று, அந்தக் கோலை நான் பார்க்கவில்லை என்று நீ நம்ப வேண்டும். அவ்வளவு பெரிய டிவியில் எப்படித் தவறவிட்டாய் என்று கேட்காதே. உன்னைத்தான்டா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
கூடு திறக்கும்வரை கேப்டனான
உன் அக்கா