உடைந்தால் யார் பதில் சொல்வது

நவம்பர் 11, திங்கள்

இன்றும் திறக்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் எங்கள் பள்ளியின் டிங்கரிங் லேப், பிள்ளைகளே எதையாவது செய்து பார்க்க என்று அரசாங்கம் கொடுத்தது. நான் ஆறாவது சேர்ந்த வருஷம் சாமான் வந்து இறங்கியது. இப்போது ஒன்பதாவது படிக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணாடி பீரோவும் அதற்குள் பாலிதீன் பிரிக்காத பெட்டிகளும் தெரியும். மோட்டார், சென்சார், பல்சக்கரம், விளக்கு. பெட்டிமேல் அச்சடித்த படங்களைப் பார்த்துப் பார்த்து எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தொட்டது மட்டும் இல்லை.

சயின்ஸ் சார் கோபிகிருஷ்ணன் நல்லவர். கேட்டால், "சாவி எச்.எம். கிட்ட இருக்குதும்மா" என்பார். தலைமை ஆசிரியர் தணிகாசலம் சாரும் கெட்டவர் இல்லை. கேட்டால், "ஸ்டாக்ல ஏறின பொருளும்மா. ஒண்ணு ஒடஞ்சாலும் நான்தானே பதில் சொல்லணும்" என்பார். யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நவம்பர் 14, வியாழன்

லேப் திறந்தது! கால் மணி நேரம்.

மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று எங்களில் எட்டுப் பேரை மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். போட்டோ எடுத்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்ப உள்ளே வைத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் ஒரு பல்சக்கரத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் நடித்தார்கள். நான் நிஜமாகவே பார்த்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

ஒலி பாடம் முடிந்தது. டியூனிங் ஃபோர்க்கைப் படத்தில் பார்த்தோம். படத்தைத் தட்டினால் சத்தம் வராது.

ஜனவரி 6, திங்கள்

திருப்பதியில் 23ஆம் தேதி மாவட்ட அறிவியல் கண்காட்சி. நம் பள்ளி சார்பில் நீதான் போகிறாய் என்று எச்.எம். சார் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்ன செய்யலாம், லேபில் எந்தப் பெட்டியைக் கேட்கலாம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே நின்றேன். சார் பின்னால் திரும்பி, அட்டைப்பெட்டிக்குள் இருந்து ஒரு கிராமத்தை வெளியே எடுத்தார்.

தெர்மாகோல் கிராமம். பச்சை வயல், கோயில் கோபுரம், ஒரு பசு, தெருவிளக்குகள். இருட்டினால் விளக்கு தானே எரியுமாம். திருப்பதியில் ஒரு கடையில் ரெடிமேடாக விற்கிறார்கள். எங்களுடையது ஆந்திர எல்லையில் இருக்கும் தமிழ்ப் பள்ளி; எனக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் தடுமாறாமல் வரும் என்பதால், பக்கத்தில் நின்று பேசுவது என் வேலை.

கோபிகிருஷ்ணன் சார் செய்து காட்டினார். ஒரு கையால் சென்சாரை மூட வேண்டும். அதே நேரம் இன்னொரு கையின் கட்டைவிரலால் பலகைக்கு அடியில் ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும்.

"அப்ப சென்சார் எதுக்கு சார்?"

"அது... பாக்கறதுக்கும்மா."

திருப்பிப் பார்த்தேன். சென்சாரின் இரண்டு வயரும் தெர்மாகோலுக்குள் போய் ஃபெவிகால் பொட்டில் முடிந்திருந்தன. எதனோடும் சேரவில்லை.

நானே செய்கிறேன், லேபை மட்டும் திறந்துவிடுங்கள் என்று எச்.எம். சாரைக் கேட்டேன். "டைம் லேதும்மா. எல்லா ஸ்கூல்லயும் இப்டித்தான் வாங்கிக்கினு போறாங்க. நீ நல்லா பேசு, போதும்" என்றார்.

பேசிப் பழகுவதற்காக அந்தக் கிராமத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். பசு என்னையே பார்க்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் லீவுக்கு அண்ணன் வந்திருக்கிறான். ஹரிபிரசாத், பி.டெக். மூன்றாம் வருஷம், எலெக்ட்ரானிக்ஸ். இவனை விட்டால் யாரைக் கேட்பேன்? சென்சாரை நிஜமாக வேலை செய்ய வைக்க முடியுமா என்றேன்.

"ஈஸி. ஒரு டிரான்சிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர்." ஸ்கேல் வைத்து அழகாக ஒரு சர்க்யூட் வரைந்தான். எனக்குப் புரியக்கூடச் செய்தது.

"டிரான்சிஸ்டருக்கு மூணு கால் இருக்குமே, எந்தக் கால் எதுண்ணா?"

அண்ணன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"லேப்ல செஞ்சிருப்பல்ல?"

"எங்க லேப்ல கனெக்‌ஷன்லாம் முன்னாடியே குடுத்து வெச்சிருப்பாங்க. நாங்க ரீடிங் மட்டும் எழுதுவோம்."

"மீட்டரைப் பாத்தா?"

"சீனியர் ரெக்கார்டைப் பாத்து."

சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா சிரித்துவிட்டார். "மூணு வருசமா படிச்சிக்கினு கீறான். ஊட்ல ஃபேனு நின்னா இன்னும் புத்தூர்ல இருந்துதான் ஆள இட்டாரணும்."

அண்ணன் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அம்மா என்னை முறைத்தாள். நான் என்ன செய்தேன்? தெரியாததால்தானே கேட்டேன். அவன்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதாவது மூன்று வருஷம்தான். அவனுக்குப் பள்ளியிலிருந்தே அப்படித்தான். ஃபீஸ் கட்டிப் போன இடத்திலும் ஜன்னல்தானா?

ஜனவரி 17, வெள்ளி

அண்ணன் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனான். மத்தியானம் திருப்பதியிலிருந்து ஒரு சின்ன கவரோடு திரும்பினான். "வாய மூடிக்கினு உக்காரு. நான் பண்றேன்."

போனில் பார்த்துப் பார்த்துக் கால்களை அடையாளம் வைத்தான். முதல் டிரான்சிஸ்டர் சூடாகி, தொட்டவன் கையை உதறினான். செத்துவிட்டது. திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ சிரித்துக்கொண்டே, "நைனா, ஒண்ணு பூட்ச்சி" என்று கத்தினான்.

"பூட்ச்சா? இன்னொண்ணு போடுடா" என்றார் நைனா, வாசலில் இருந்தபடியே.

எங்கள் பள்ளியில் அந்த ஒன்றுக்கு எத்தனை பேர் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வயர் போதவில்லை. அடியில் இருந்த சுவிட்சைப் பிடுங்கி அதன் வயரை எடுத்துக்கொண்டோம். சால்டரிங் இல்லை, முறுக்கி டேப் ஒட்டினோம். சாயங்காலம் அம்மா வந்து கதவைச் சாத்தினாள். கிராமத்தில் விளக்கு எரிந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை. அம்மா மறுபடி திறந்தாள், அணைந்தது. சாத்தினாள். சமையலை விட்டுவிட்டு இதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தாள்.

ஜனவரி 23, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்தது ஜன்னலோர மேஜை. பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அதே கிராமம். அதே கோபுரம், அதே பசு. எதிர் வரிசையிலும் ஒன்று. பள்ளியின் பெயர்தான் வேறு வேறு.

நடுவர் வந்தார், ஏதோ காலேஜ் மேடம். பேச வேண்டியதைத் தெலுங்கில் சரியாகப் பேசினேன். சென்சாரைக் கையால் மூடினேன். எரியவில்லை. இரண்டு கையாலும் மூடினேன். ஜன்னலில் அவ்வளவு வெயில். விரலிடுக்கில் நுழைந்த வெளிச்சமே அதற்குப் பகலாக இருந்தது. வீட்டில் சாயங்காலம் மட்டுமே சோதித்திருக்கிறோம்.

பக்கத்து மேஜையில் விளக்கு ஒவ்வொரு முறையும் பளிச்சென்று எரிந்தது. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் மேஜைக்கு அடியில் இருந்தது.

"பணி சேயதா?" வேலை செய்யாதா என்று மேடம் கேட்டார். இங்கே வெளிச்சம் அதிகம், எவ்வளவு இருட்டில் எரிய வேண்டும் என்று திருகி வைக்க ஒரு குமிழ் வேண்டும், அது எங்களிடம் இல்லை என்றேன்.

"நுவ்வே சேசாவா?" நீயே செய்தாயா?

"சென்சார் மட்டும், நானும் எங்கள் அண்ணனும்."

"மிகதா?" மீதி?

எனக்குப் பின்னால் கோபிகிருஷ்ணன் சார் இருமினார். நான் பசுவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டாம் பரிசு பக்கத்து மேஜைக்கு. அந்தப் பெண்ணின் பெயர் ஹரிதா, சத்தியவேடு பக்கம். பரிசு வாங்கியதும் நேராக என்னிடம் வந்தாள். "உங்குளுது நெஜமாவே சென்சாரா? காட்டேன்." படிக்கட்டுக்கு அடியில் இருட்டான இடத்துக்குத் தூக்கிப் போனோம். தானே எரிந்தது. போன் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி அணைத்துப் பார்த்தாள். "எங்குளுத கழட்டவே கூடாதுன்ட்டாங்க" என்றாள்.

அந்தக் குமிழ் எங்கள் லேபில் இருக்கிறது. இரண்டாவது தட்டு, நீலப் பெட்டி. மேலே படம் போட்டிருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

"நல்லா இருந்த மாடலக் கெடுத்து வெச்சிட்டியேம்மா." பிரேயர் முடிந்ததும் எல்லார் முன்னாலும் எச்.எம். சார் சொன்னார்.

கெடுத்தேனா? நான் கெடுத்தேனா? எதனோடும் ஒட்டாத வயரை ஒட்டினேன். அது கெடுக்கிறதா? அப்ப நல்லா இருக்கிறதுன்னா என்ன — பளபளன்னு பொய் சொல்றதா? இனிமே எந்த சயின்ஸுக்கும் போக மாட்டேன். மனப்பாடம் பண்றேன், மார்க் வாங்கறேன், அவ்ளோதான்.

இதெல்லாம் மனசுக்குள்தான். "சாரி சார்" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கிராமத்தை ஸ்டாக்கில் 'பழுது' என்று எழுதி வராண்டா மூலையில் போட்டுவிட்டார்கள். மத்தியானம் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கவிழ்த்துப் போட்டு வயரை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரியில் விளக்கை வைத்து எரிய விடுகிறார்கள். காஞ்சனா என்று ஒரு குட்டி, விளக்கின் காலை மாற்றி வைத்தால் எரியாது என்று தானே கண்டுபிடித்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எச்.எம். சார் அந்த வழியாக நடந்து போனார். 'பழுது'தானே, பிள்ளைகளைத் தடுக்கவில்லை.

கோபிகிருஷ்ணன் சாரும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. எச்.எம். சார் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, திங்கள்

வருஷாந்திர ஸ்டாக் சரிபார்ப்பு. பெட்டிகளைத் தூக்க என்னையும் கூப்பிட்டார்கள். எப்போதும் எண்ணிக்கை மட்டும் பார்ப்பார்களாம். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று கோபிகிருஷ்ணன் சார் பிடிவாதமாகச் சொன்னார். அவர் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிரித்தார்கள். பேட்டரிகள் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தன. மோட்டார்களில் துரு. வயர்களை எலி கடித்திருந்தது. நீலப் பெட்டியையும் திறந்தேன். குமிழ்கள் பாதி நன்றாக இருந்தன, பாதி சுற்றவில்லை. யாரும் ஒரு தடவைகூடத் தொடாமலே இவ்வளவும் கெட்டிருக்கிறது.

எச்.எம். சார் முகம் சுண்டிப்போனது. "எல்லாத்தியும் கண்டம்ல எழுதிடுங்க சார், உபயோகமில்லன்னு" என்றார் கோபிகிருஷ்ணன் சார். "அப்பறம் பசங்க எட்துக்கட்டும்."

"எட்துக்கினு என்னய்யா பண்ணுவாங்க?"

"கழட்டுவாங்க."

எச்.எம். சார் சன்னமாகப் பெருமூச்சு விட்டார். "எழுதிட்டா அப்பறம் யாரு கேக்கப் போறாங்க. கழட்டட்டும்."

கையெழுத்துப் போட்டார். பல நாள் பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார்.

மார்ச் 12, புதன்

லேபுக்குப் பூட்டு இல்லை. உள்ளே இடம் போதாமல் வராண்டாவிலும் உட்கார்ந்தோம். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். சனிக்கிழமை வருகிறேன், சுற்றாத குமிழ்களைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றான்.

கோபிகிருஷ்ணன் சார் ஒரு மோட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நழுவித் தரையில் விழுந்து பின்பக்க மூடி தெறித்தது. சார் சட்டென்று ஆபீஸ் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சார், அது ஏற்கனவே ஒடஞ்சதுதான் சார்" என்றாள் காஞ்சனா.

சார் பேன்ட்டை முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். திருப்புளியைக் கேட்டார். கொடுத்தேன். திருகாணி துருவேறி அசையவில்லை. சத்துணவு சமைக்கும் அக்காவிடம் கொஞ்சம் எண்ணெய் வாங்கிவர ஆறாம் வகுப்பு மொத்தமும் எழுந்து ஓடியது.