வலி எனக்கு, சீட்டு அப்பாவுக்கு

என் மூத்த தங்கத்துக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், பொய்க்கு மை கிடையாதாம். ஆகவே திருத்தம்: எல்லோரும் நலம், என் நெஞ்சு மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஊசியை இடது கையில் ஏற்றியிருக்கிறார்கள், நான் இடது கைக்காரி, அதனால் நான் சொல்ல இந்த வாலு எழுதுகிறது, நடுநடுவே சொந்தச் சரக்கும் சேர்க்கிறது, எது யாருடையது என்று உனக்கே தெரியும்.

கொஞ்ச நாளாகவே தையல் மெஷினில் உட்கார்ந்தால் தாடையிலிருந்து தோள்வரை இழுத்துப் பிடித்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டர் நிமிர்ந்தே பார்க்காமல், கேஸ்தாம்மா, டென்ஷனைக் குறைங்க என்று மாத்திரை தந்தார், மறுபடி போனால் மறுபடி அதே மாத்திரை. என் பிரஷரையும் கேட்கவில்லை, சர்க்கரையையும் கேட்கவில்லை, என்னைப் பெற்ற உன் தாத்தா சின்ன வயதிலேயே நெஞ்சுவலியில் போனதையும் கேட்கவில்லை. அதே வாரம் உன் அப்பா விருந்தில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு நெஞ்சைப் பிடித்தார், அதே டாக்டர் உடனே சீட்டு எழுத, படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள், வந்தது ஏப்பம். ஆம்பிளைக்கு வலித்தால் இதயம், பொம்பளைக்கு வலித்தால் வாயுவா? வந்ததே கோபம் எனக்கு. வாலு ஒரு யோசனை சொன்னது. அப்பா மறுபடி போய் நெஞ்சைப் பிடித்தார், நடிப்பு படுமட்டம், ஆனாலும் அவர் பெயரில் ஈசிஜி சீட்டு கிடைத்தது, கூப்பிட்டதும் நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீசை எங்கேம்மா என்றாள். வீட்டில வச்சிட்டு வந்துட்டேன், நீ ஒயரை ஒட்டு என்றேன். காகிதம் வெளியே வரவர அவள் சிரிப்பு உள்ளே போயிற்று, அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பு என்கிறார்கள், டியூப் விட்டு எடுக்க வேண்டுமாம். எதிர்க் கட்டடத்தில் வசதி உள்ளவர்களுக்கு அன்றைக்கே நடக்கிறது, இங்கே டியூப் விடும் மெஷினை மத்தியானத்தோடு பூட்டிவிடுகிறார்கள், ஆள் இல்லையாம், வீட்டுக்குப் போய்க் காத்திரு என்றார்கள். பக்கத்துக் கட்டில் மீன்காரிக்கும் முதலில் கிடைத்தது வாயு மாத்திரைதான். நாங்கள் இருவரும் கட்டிலை விட்டு இறங்கவில்லை, வார்டே எங்களோடு சேர்ந்துகொண்டது, பெரிய டாக்டரே வந்தார். பூட்டைத் திறங்க, இறங்குறோம் என்றேன். நாளை மத்தியானத்துக்குப் பிறகும் மெஷினைத் திறந்து வைக்கிறார்கள். முதலில் மீன்காரி, அவளுக்குத்தான் அடைப்பு அதிகம், அடுத்து நான். பயமில்லை என்று சொல்லமாட்டேன், வாலு எழுதாது.

நீ அழுதுகொண்டு விமானம் ஏறாதே. உன் உடம்பில் ஓடுவதும் இதே ரத்தம்தான், நாளைக்கே போய் பிரஷரும் சர்க்கரையும் பார், மூச்சு வாங்கினால் ஈசிஜி கேள். கேஸ் என்று சிரித்தால், கூசாமல் மாப்பிள்ளை பெயரில் சீட்டு போடு.

நீண்ட ஆயுளோடும் நீளமான வாயோடும் நன்றாக இரு.

அம்மா
(எழுத்து வாலுடையது, பிடிவாதம் என்னுடையது)