எதிர்வீட்டுத் துக்கம்

என் தங்கமான மைமூன் அக்காவுக்கு,

உத்தமபாளையத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. விடிவதற்கு முன்பே குழாய் ரேடியோ அலற ஆரம்பித்துவிடுகிறது. நேற்று தீச்சட்டிக்காரர்கள் வெறுங்காலோடு நம் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால், உன் மருமகள் ஷகிலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தெருவை நனைத்துவிட்டாள். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டேன். "மாமி ஊத்துறதப் பாத்துருக்கேன்ல, சின்ன மாமி" என்றாள்.

சின்ன மாமி நான்தான். ஆனால் போன மாதம் வரைக்கும் அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நம்புவாயா? நீ போனபிறகு உன் வீடும் என் வீடும் எதிரெதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். திட்டாமல் கேள்.

ஆடிச் சாரலில் நீ போனாய். முதல்நாள் காலையில்கூட என் இட்லிக் கடை வாசலில் வந்து நின்று, "ஏன்டி செல்வி, இது தேங்காச் சட்னியா, பொட்டுக்கடலச் சட்னியா? தேங்காயத் தேடிப் புடிக்க ஆளு வெக்கணும்போல" என்று ஏலத்தோட்டத்து ஜீப்புக்குக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கினாய். மறுநாள் நெஞ்சுவலி. உன்னிடம் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வைத்திருந்தேன். அதை எங்கே போய்ச் சொல்ல?

எங்கள் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் வருசம் திரும்பும்வரை நல்லநாள் கொண்டாடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. பொங்கலுக்குப் பானை வைப்பதில்லை. உறமுறைக்காரர்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் துக்க வீட்டில் பலகாரம். அந்தத் துக்கத்தை நான் உனக்குக் காத்தேன், அக்கா.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "துக்கம் பங்காளிக்குத்தாண்டி. அவுக என்ன நமக்குப் பங்காளியா?" என்றார்.

"உங்க பங்காளி எவுக எனக்குக் காய்ச்சல்னு கஞ்சி வெச்சுக் கொண்டாந்தாக? சொல்லுங்க பாப்போம்" என்றேன். அதற்குமேல் இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. துக்கத்தைத் தண்டோரா போட்டா காப்பார்கள்?

தீபாவளி வந்தது. நீ இருந்தால் விடிகாலையிலேயே எங்கள் அடுப்படிக்குள் வந்து நின்று, சட்டியில் இருந்து எடுத்த இனிப்புச் சீயத்தை எண்ணெய் வடிவதற்குள் ஊதி ஊதித் தின்பாய். இந்தத் தடவை ஒன்றும் சுடவில்லை. கடைக்கு மட்டும் எப்போதும்போல உளுந்தவடை போட்டேன். அது பிழைப்பு, வேறு கணக்கு. ஐயப்ப சாமிகள் வேன் வேனாகக் குமுளிக்குப் போகிற கார்த்திகை, மார்கழியில் கடை வடையை நிறுத்தினால் வயிற்றுக்கு என்ன செய்வது? ஆனால் பொங்கலன்று என் வாசலில் கோலமும் இல்லை, பானையும் இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் எனக்குப் பலகாரம் கொண்டுவரவில்லை. அவர்களைப் பொறுத்தமட்டில் என் வீட்டில் சாவே விழவில்லையே.

இதெல்லாம் எதிர்வீட்டுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை வருசம் ஒரே தெருவில் இருக்கிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது? அப்படித்தான் இருந்தது என் நினைப்பு.

நோன்பு மாதம் பிறந்தது. சாயந்திரமானால் பள்ளிவாசலில் இருந்து உன் வீட்டுக்குத் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கிவருவார்கள், முதல் கிண்ணம் என் வீட்டுக்குத்தான் வரும். முதல் நாள் கிண்ணத்தைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் இல்லை. ஷகிலா வாளியோடு என் கடையைத் தாண்டித்தான் போகிறாள், குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! மாமியார் கண்ணை மூடியதும் மருமகளுக்கு மாமியாரின் மனுசர்கள் வேண்டாதவர்களாகிவிட்டார்கள் பார் என்று பொருமினேன். போடியில் இருந்து வந்தவளுக்கு நம் தெருப் பழக்கம் என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். அவளைப் பார்த்தால் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். என் வாயும் என் கையும் எப்படி என்று உனக்குத் தெரியாததா?

உள்ளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. நீ ஒருத்திதான் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தாயா? நீ போனால் அவ்வளவுதானா? உன்னை ஒருதரம் இழந்தாயிற்று, உன் வீட்டையும் சேர்த்து இழக்கப்போகிறேனா என்று நினைத்து அழுதேன். வெங்காயம் உரிக்கும்போதுதான் அழுதேன், யாரும் கேட்கவில்லை.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து தெருவெல்லாம் அத்தர் மணந்தது. புதுச்சட்டையும் தொப்பியுமாக உன் வீட்டுக்காரர் வந்தார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. வெளியூர்க்காரர் மாதிரி என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "ரெண்டு இட்லி வையி செல்வி" என்றார். வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கிறது, மனிதர் என்னிடம் இட்லி கேட்கிறார்!

"என்ன மச்சான், பெருநாளும் அதுவுமா இட்லி?"

"எங்க வீடுதான் உனக்கு ஆகாமப் போச்சு. உன் கைச் சாப்பாட்ட நான் திங்கலாம்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கு ஆகாது? என்ன பேசுறீக?"

"தீபாவளி அன்னைக்கு ஷகிலா காலையில இருந்து வாசலயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடைக்கு வடை போடுற, எங்களுக்கு ஒண்ணும் வரல. பொங்கலுக்கும் வரல. உங்க அக்கா போனதோட நாங்களும் போயிட்டோமா செல்வி?"

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "மச்சான், நான் துக்கத்துல இருக்கேன். அக்காவுக்குத் துக்கம். வருசம் திரும்புறவரைக்கும் எங்க வீட்டுல பலகாரம் கெடையாது. பொங்கப் பானையே வெக்கல. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வாய்க்குக் கொண்டுபோன இட்லியை இலையிலேயே வைத்துவிட்டார்.

"எங்க மார்க்கத்துல மூணு நாளைக்கு மேல துக்கம் காக்கக் கூடாதும்பாக. நாலாம் நாள் பஞ்சர் கடையத் தொறந்துட்டேன். மனுசன் தேறிட்டாருன்னு எல்லாரும் சொன்னாக. நான் எங்கன தேறுனேன்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் சேத்து நீ காத்துக்கிட்டு இருந்துருக்கியே ஆத்தா" என்றார்.

நான் நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன், அக்கா. ஜீப்புக்காரப் பயல் ஹாரன் அடிக்காமல் நின்றுவிட்டுப் போனான்.

மச்சான் அங்கிருந்தபடியே ஷகிலாவைக் கூப்பிட்டார். அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். ஏன் கஞ்சி கொடுக்கவில்லை என்று நானே கேட்டேன். "நீங்களா நிறுத்திட்டீகன்னு நெனச்சேன் மாமி. வலியக் கொண்டாந்து குடுத்து, வேண்டாம்னு சொல்லிட்டீகன்னா மூஞ்சிய எங்கன கொண்டு வெக்க? வாளியத் தூக்கிட்டு உங்க கடையத் தாண்டுறப்பல்லாம் பாத்திரத்த உருட்டுவீக" என்றாள். பாவம், நான் உருட்டிய பாத்திரமெல்லாம் என் காதிலேயே விழுந்தது.

அப்புறம்தான் உன் மருமகளின் சமர்த்தைப் பார்த்தேன். "ஏன் மாமி, துக்க வீட்டுக்கு மத்தவகதான பலகாரம் கொண்டாந்து குடுக்கணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இத்தன நாளும் குடுத்துருக்க வேண்டியது நாங்கதான" என்றவள், வீட்டுக்குள் போய்த் தேக்சாவில் இருந்து பிரியாணியை அள்ளி வந்தாள். யார் வீட்டுச் சாவுக்கு யார் துக்கம் காப்பது, யார் வீட்டில் இருந்து யாருக்குச் சோறு வருவது! என் வீட்டுக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "இந்தத் துக்கம் நல்ல துக்கம்தாண்டி" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

ஆடி வந்தால் வருசம் திரும்பிவிடும். துக்கம் கழிக்க வேண்டும். அதற்குப் பிறந்த வீட்டில் இருந்து சேலை எடுத்துக்கொண்டு வந்து உடுத்தச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் பிறந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? போன வாரம் பேச்சுவாக்கில் இதை ஷகிலாவிடம் சொன்னேன். சாயந்திரமே மச்சான் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நின்றார். "எதுத்த வீட்ட வெச்சுக்கிட்டு இல்லேங்கிறியே? மைமூனுக்குத் தங்கச்சின்னா உனக்கு அதுதான் பொறந்த வீடு. சேலை நாங்க கொண்டாருவோம்" என்றார். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சேலையை உடுத்திவிட்டால் உன்னை நினைத்து அழுகிற உரிமை முடிந்துபோகுமா? துக்கம் கழிந்ததும் ஆளும் கழிந்துவிடுமா? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

இருந்தாலும் உடுத்துவேன். உன் மேல் சத்தியமாக இன்னொன்றும் சொல்கிறேன். இனிமேல் உன் வீட்டு ஆட்கள் மேல் எனக்கு என்ன கோபம் வந்தாலும், மனசுக்குள் வைத்துப் புழுங்க மாட்டேன். தெருவைத் தாண்டிப் போய், உன் கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து, வாய் வலிக்கச் சண்டை போடுவேன். பிறந்த வீட்டில் அதற்குக்கூட உரிமை இல்லையென்றால் எப்படி?

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி