முடிச்சுப் போடாத பெயர்

சுந்தரவல்லி அப்பாவுக்கு,

மேஜைமேல் இருக்கும் பொங்கல் வாழ்த்தின் விலை ஒன்றேகால் ரூபாய். அட்டைக்கும் பட்டு நூலுக்கும்தான் அது. கூலி சேர்க்கவில்லை, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக்காரர் மகள் நான், விற்காத விலையை எழுதமாட்டேன்.

போன பொங்கலுக்கு அனுப்பியதை, "அப்பா பேரு இல்லாத வாழ்த்து எனக்கு எதுக்கும்மா?" என்று உங்கள் மகள் திருப்பிவிட்டாள். நம்மைக் கேட்காமல் கட்டிக்கொண்டு போனாலும் பேரத்தில் அவள் என் மகள். அதனால், கல்யாணமான நாள் முதல் வாயால் சொல்லாத உங்கள் பெயரை இந்த முறை அட்டையில் தைத்த கரும்புக்குக் கீழே தைத்துவிட்டேன். முடிச்சுப் போடவில்லை. பிடிக்காவிட்டால் நூலை இழுங்கள், உருவிக்கொண்டு வந்துவிடும். அட்டையில் ஊசித் துளைகள் மட்டும் நிற்கும். அவள் அதைத் தடவிப் பார்த்தே படித்துவிடுவாள்.

நாலு மணிக்கு வாழ்த்தை வாங்கிப்போக மாப்பிள்ளை மந்தைவெளியிலிருந்து வருவார். உள்ளே கூப்பிட வேண்டாம், கையில் கொடுத்தால் போதும். நான் இருந்தால் என் முகத்துக்காகக் கொடுப்பீர்கள். அதனால் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். ரசம் அடுப்பிலேயே இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம்.

நம் கணக்கு இது. செலவு, ஒரு மகள். வரவு, இன்னும் தூக்காத பேரன். கையிருப்பு, பேசிக்கொள்ளாத நாம் இரண்டு பேர்.