கழுத்து வலிக்கு நான் சொன்ன பொய்

பிரியமும் கோபமும் மாறாத அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கேலி செய்தவன் நான். இப்போது நானே எழுதுகிறேன், அதுவும் வலது கையில் பேனா நிற்காத நேரத்தில்.

போன வருடம் ராஜபாளையத்திலிருந்து மடவார் வளாகத்துக்கு, உன் ஹோமியோபதி கிளினிக்குக்கு வந்தேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இருபது வருடம் குனிந்து லென்ஸில் இழை எண்ணியதில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. அப்பா சாகக் கிடந்த மூன்று நாளும் எனக்குச் சொல்லி அனுப்பாதவன் நீ. உன் வாசலை மிதிப்பதில்லை என்று ஆறு வருடம் இருந்தேன். வலி மிதிக்க வைத்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்து ஓரமாக வைத்தாய். பிறகு உங்கள் வைத்தியத்துக்கே உரிய கேள்விகள். குளிர்காற்றில் வலி கூடுதா? என்ன கனவு வருது? கடைசியில், "ஏலே, மனசுக்குள்ள யாரு மேலயாவது தீராத கோவம் இருக்கா?"

"அதுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுக்குத் தக்கன மருந்து எடுக்கணும்லா. சொல்லு."

"யாரு மேலயும் இல்ல."

எழுதிக்கொண்டாய். மருந்தின் பெயரைச் சொல்லாமல் சீனி உருண்டைகளைத் தந்தாய், காபி கூடாது என்றாய். இரண்டு மாதத்தில் வலி பாதியானது. பொய்ப் பதிலுக்குத் தந்த மருந்து எப்படிக் கேட்கும்? தானாகவே குறைந்ததா? எனக்கு விளங்கவில்லை.

நீ போன பிறகும் மிச்சக் குப்பிகளை விடவில்லை. நான்கு மாதமாக விரல்கள் மரத்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. மதுரையில் டாக்டர், "எப்போதிலிருந்து?" என்றார். உருண்டையை நம்பி உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு வாரம் என்றேன். "அப்படியானால் ஒரு மாதம் பார்ப்போம். நாள்பட்டதாக இருந்தால் ஆபரேஷன்தான். தள்ளிப்போட்டால் கையில் உணர்வு திரும்பாமலே போகலாம்" என்றார்.

நேற்று மதினி உன் நோட்டை எடுத்து வந்தார். "தம்பி, ஒங்க பேரு உள்ள பக்கம். பாருங்க."

'கோபம் இல்லை என்கிறான். பொய். என் மேல்தான். கை மரத்துப்போனால் உடனே மதுரை.' கீழே மருந்தின் பெயர், எனக்குப் புரியாத சுருக்கெழுத்தில்.

"தெரிஞ்சும் அண்ணன் ஏன் ஒண்ணும் கேக்கல, மதினி?"

"கேட்டா எந்திச்சுப் போயிருவான்னு அவியதான் சொன்னாவ."

அப்படியென்றால் நீ மருந்தைத் தேர்ந்தெடுத்தது என் பொய்க்கா, உனக்குத் தெரிந்த உண்மைக்கா? என் கோபம் தெரிந்த நீ, அப்பா விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நோட்டு முழுக்கத் தேடினேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை மதுரைக்குப் போகிறேன். நான்கு மாதம் என்று சொல்லுவேன், உருண்டைகளையும் மறைக்க மாட்டேன். டாக்டர் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். உன்னைத் திட்டினால் மட்டும் விட மாட்டேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

உன் கூடப் பிறந்து, கோபம் தீராமல் மிஞ்சியிருக்கும்
தம்பி