படகின் வாலில் சிவப்புத் துணி

மாசி 4, சனி. கடும் வெயில்.

இன்றைய வேலை, படகை வண்டி மேல் ஏற்றுவது. ரங்கூனிலிருந்து த்வாண்டே கால்வாய்க்கு. நான் கார் ஓட்டிய வீட்டுக்காரர் நாட்டைவிட்டுப் போகும்போது கொடுத்த படகு. கயாக் என்பார். மஞ்சள் பிளாஸ்டிக், இரண்டு பேர் உட்காரலாம். இந்த வயதில் கற்ற எழுத்து, இவ்வளவும் நானே எழுதியது. எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை.

வண்டி, பழைய பிக்கப். பின்னால் பலகை அறை, பாய், அடுப்பு. மனைவி மாரி இறந்த பிறகு அதுதான் வீடு. கூரை மேல் படகைக் கவிழ்த்துக் கயிற்றை நன்றாக இறுக்கினேன். வெயிலில் படகின் வயிறு உள்ளே போய்விட்டது. தளர்த்தியதும் மெல்ல எழும்பியது.

வால் மூன்று முழம் வெளியே. சிவப்புத் துணி கட்டாமல் ரோட்டில் விட மாட்டார்கள். மாரி உடுத்திய தமெய்ன் கைலி ஒன்று சிவப்பு. கட்டினேன்.

மாசி 5, ஞாயிறு. த்வாண்டே. காற்றே இல்லை.

ஊ டின் வந்தார். பர்மியர், முன்பு பக்கத்து வீடு. என்னைக் கோ மணி, மணி அண்ணன், என்பார். இரண்டு நாள் என்னோடு தங்குவதாகப் பேச்சு. பாய் தட்டி விரித்திருந்தேன். தட்டு இரண்டு, கோப்பை இரண்டு.

அறைக் கதவு பின்பக்கம். நேர் மேலே தமெய்ன். பார்த்ததும் நின்றுவிட்டார். பெண் இடுப்பில் உடுத்தியதற்குக் கீழே போனால் ஆணின் மகிமை போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை.

“கோ மணி, அது யாரோடது?”

மாரியுடையது என்றேன்.

“அவங்க கையால எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கேன். அதுக்காக இதுக்குக் கீழே குனிஞ்சு வர முடியுமா? அவுத்துடுங்க.”

கை போகவில்லை. வழியெல்லாம் கண்ணாடியில் ஆடிக்கொண்டே வந்த துணி. பிறகு பார்க்கலாம் என்றேன். கொண்டுவந்த கோழிக்குழம்பை டயர் பக்கத்தில் வைத்துவிட்டு சைக்கிள் ரிக்ஷாவில் திரும்பிப் போனார்.

எனக்குத் தெரியாததா? கொடியில் அவள் துணி காயும்போது நானும் சுற்றித்தான் போவேன். கட்டும்போது நினைப்பே வரவில்லை.

மாசி 6, திங்கள். மூடுபனி.

அவிழ்த்தேன். மடித்துத் தலையணைக்குள் வைத்தேன்.

ஊ டினுக்கு எழுதலாம் என்று தாள் எடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வேறு எழுத்து தெரியாது. நேற்றைய ரிக்ஷாக்காரரிடம் சொல்லியனுப்பினேன், துணி இல்லை, வரலாம் என்று. போகும் முன் படகை இறக்க அவரே கைகொடுத்தார்.

ஊ டின் வருவாரா என்று பத்து மணி வரை பார்த்தேன். தனியாகத் தள்ளி ஏறினேன். பின்னால் நான் மட்டும், படகின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. துடுப்புப் போட்டால் வட்டம் சுற்றுகிறது. ஆனாலும் தண்ணீர் மேல் நான். சிரிப்பு வந்தது.

கரையில் பானை கழுவியவர், “பெரியவரே, முன்னால ஒரு கல்லைத் தூக்கி வைங்க, நேரா போகும்” என்றார்.

ஆள் வரும் என்றேன்.