பக்கத்து வளவு வெள்ளைக் கோழிகள்

பெரியகடை, மன்னார்.
14.3.1973

அன்புள்ள மகள் அன்ரோனெற்றுக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கடிதம் கண்டு நிம்மதி. கோழிகள் எப்படி என்று கேட்டிருந்தாய். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். டவுனுக்குள் கோழி வளர்ப்பது லேசில்லை மகள், தவிட்டுக்குத் தட்டுப்பாடு, பத்துக் குஞ்சு பொரித்தால் ஆறைக் காகம் தூக்கிவிடும், மிச்சத்துக்குக் கீரி வரும். ஆனாலும் காலையில் கூட்டுக்குள் கையை விட்டுச் சூடான முட்டையை எடுக்கும்போது எல்லாம் மறந்துபோகும், அப்பாவுக்கும் ஒரு முட்டைக் கோப்பி கிடைக்கும்.

இப்படி இருக்கையில் பக்கத்து வளவு ஸுஹறா, அதுதான் அப்துல் றசாக்கின் மனைவி, ஆறு வெள்ளைக் கோழி வாங்கி விட்டாள். அவை ஒருநாளும் தவறாமல் இடுகின்றன. என் ஊர்க்கோழிகளோ அடைக்குக் கிடந்து என்னை முறைக்கின்றன. சுவாமியார் வீட்டுக் குசினிக்கு எட்டு வருடமாக நான்தான் முட்டை கொடுத்தேன், போன மாதம் குசினிக்காரர் வந்து, "இனி பக்கத்து வளவில எடுக்கிறம், உங்கட முட்டை மீன் மணக்குது, சுவாமி சாப்பிடுறாரில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான், தவிடு இல்லாமல் மீன் குடலைத்தான் போட்டேன். ஆனாலும் வேலிக்கு அப்பால் அவள் கூடை நிறைய முட்டை எடுப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் போக, மறித்து, பக்கத்து வளவுக் கூடு நாறுகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் போய்ப் பார்த்தால் அங்கே சாம்பல் தூவிக் கூட்டி, ஒரு மணமும் இல்லை. திரும்பி வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வளவுக்குள் நுழைந்தார். கிணற்றடியில் இருந்த என் கூட்டை ஒரு கிழமைக்குள் அகற்றச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு, குனிய முடியாது. நான் தனியே பலகை கழற்றிக்கொண்டு நிற்க, ஸுஹறா சுத்தியலோடு வந்தாள். வெயிலுக்குள் மத்தியானம் வரை பாடுபட்டு இருவருமாகக் கூட்டைப் பின்வளவில் நிறுத்தினோம். என்னால் தாங்க முடியவில்லை, பரிசோதகரிடம் உன் கூட்டைப்பற்றிச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பிடித்த ஆணியை அடித்து முடித்துவிட்டு, "தெரியும் அக்கா, அந்தப் பரிசோதகர் அண்டைக்கே சொன்னவர். எனக்குக் கோவம்தான். அதுக்காக உங்களைத் தனிய விட ஏலுமோ" என்றாள்.

உன்னிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன் மகள், முட்டையால் வந்த எரிச்சல் போய்விட்டது, இப்போது அவள் மனதைப் பார்த்துத்தான் எரிகிறது. அவள் இடத்தில் நான் என்றால் வந்திருக்க மாட்டேன்.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு, செபமாலையை விடாதே. சேசு மரி சூசை உனக்குத் துணையிருப்பார்களாக.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மதலேனா